மஞ்சளி ஆற்றின் கயிற்றாள்கள்

மஞ்சளி ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டு யாரும் மெனக்கெட வேண்டாம். மலையில் பிறந்து கடலில் விழுகிற ஆறுதான். வழியில் ஐந்து நாடுகளை நனைக்கிறது. நனைக்கிறபோது இது எந்த நாடு என்று அது விசாரிப்பதில்லை. ஐந்தில் ஒன்று தென்கரையில் இருந்த கொற்றவாடி. அதற்கு நேர் எதிரே வடகரையில் நெல்லேரி. கொற்றவாடியில் ராஜா கிடையாது. ஐந்து அறுவடைக்கு ஒருமுறை ஜனங்கள் குடத்தில் புளியங்கொட்டை போட்டுத் தங்களுக்கு ஒரு பெருந்தலையாரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆள்கிறவரின் குடத்துக்கு அண்டா அகலம் வாய். எதிராளியின் குடத்துக்கு ஒரு கொட்டை நுழைகிற அளவு வாய் இருந்தால் போதும் என்று சட்டம். ஆகவே ராஜா இல்லாத குறை அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஐப்பசியில் மஞ்சளி பொங்கும். எங்காவது கரை உடையும். உடைந்தால் தழைக்கட்டையும் மண்மூட்டையையும் தூக்கிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி அடைக்க வேண்டும். இதற்குக் கூலிக்கு ஆள் வைக்கிற வழக்கம் ஐந்து நாட்டிலும் இல்லை. மனசு உள்ளவர்கள் தாமாக வருவார்கள். தறிக்காரன் வருவான், எண்ணெய் விற்கிறவள் வருவாள், முந்தாநாள் கல்யாணம் ஆனவன் மஞ்சள் வேட்டியோடு வருவான். அவர்களுக்கு இறங்குவார் என்று பெயர்.

இறங்குகிறவர்களைப் பற்றிப் பாட்டுக் கட்டியவர்கள் நிறைய உண்டு. கரையில் நிற்கிறவர்களைப் பற்றி ஒருவரும் கட்டவில்லை. ஒவ்வொரு இறங்குவாரின் இடுப்பிலும் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனையைக் கரையில் ஒருவர் கையில் பிடித்திருப்பார். அவர்தான் கயிற்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டு இறக்கிவிடுவது, உதடு நீலம் பாரித்ததும் வெளியே எடுப்பது, கம்பளி போர்த்திச் சுக்குத்தண்ணீர் கொடுப்பது, இன்னும் ஒரு தடவை இறங்குகிறேன் என்று வீம்பு பண்ணுகிறவனை நாலு திட்டுத் திட்டி வீட்டுக்கு அனுப்புவது, மறுநாள் அவன் வராவிட்டால் வாசலில் போய் நின்று என்ன கோபம் என்று கேட்பது, எல்லாம் கயிற்றாள் பாடு. கயிற்றைக் கல்லிலோ மரத்திலோ கட்டக் கூடாது, கையில்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தண்ணீருக்குள் ஆள் நடுங்கினால் கைக்குத் தெரியும். கல்லுக்கு என்ன தெரியும்?

கொற்றவாடிக் கயிற்றாள்களில் மூத்தவர் மாடக்கண்ணு. ஆள் உரல் மாதிரி இருப்பார். பேச்சு உலக்கை மாதிரி விழும். யாரையும் நம்பமாட்டார். கடையில் உப்பு வாங்கினாலும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் துண்டில் முடிந்துகொள்வார். பெண்டாட்டி போன பிறகு அவருக்கு இருந்தது ஒரே மகள், காத்தாயி. அவளைப் போல மூச்சடக்குகிற இறங்குவார் அந்தக் கரையில் வேறு யாருமில்லை. அவள் இறங்கினால் கயிறு அப்பன் கையில்தான் இருக்கும்.

"ஏம்ப்பா, ஒன்னுக்குப் போறதா இருந்தாலும் கயித்தோடதான் போவியா?" என்று கேலி பண்ணுவாள்.

"நீ தண்ணியில இருக்கிறவரைக்கும் எனக்கு ஒன்னுக்கு வராது. போடி."

அவர் நம்பாதவர்களில் முதல் இடம் நெல்லேரிக்காரர்களுக்கு. காரணம், அவருடைய தம்பி சன்னாசி. இளவட்டக் காலத்தில் ஒரு வெள்ளத்தில் சன்னாசி நடு ஆற்றுக்கு இழுபட்டுப் போனார். அக்கரைக்காரர்கள் சுரைக்குடுக்கை கட்டிய கயிறு ஒன்றை வீச, அதையும் ஒரு கையால் பற்றிக்கொண்டார். இந்தப் பக்கம் மாடக்கண்ணு ஊன்றி நின்று பலம்கொண்ட மட்டும் இழுத்தார். அந்தப் பக்கம் அவர்கள் என்னவோ கத்திக்கொண்டு ஆற்றின் போக்கில் ஓடினார்கள். சன்னாசி பிழைத்தார். ஆனால் வலது தோள் கழன்றது கழன்றதுதான். அன்றிலிருந்து அந்தக் கை முற்றிய புடலங்காயாகத் தொங்குகிறது.

"எந்தம்பியப் பிச்சானுங்க படுபாவிங்க" என்று மாடக்கண்ணு சொல்லாத நாளில்லை. "பேச்சப் பாரு பேச்ச! ஏனுங்க, வாங்க, உக்காருங்கன்னு. இவ்வளவு மரியாதையாப் பேசுறவன் மடியில என்னத்த வச்சிருக்கானோ!"

சன்னாசி அதைக் கேட்டபடி இடது கையால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார்.

இப்படி இருக்கையில் ஓர் ஐப்பசியில் பெருந்தலையார் கரைக்கு எழுந்தருளினார். பக்கத்தில் தொண்டுத்துறை மந்திரி ஆலவட்டனார், பின்னால் குடைபிடிப்பவர்கள். தண்ணீரில் பாதிப் பேர் மூட்டை சுமந்துகொண்டிருக்க, கரையில் பாதிப் பேர் கயிற்றோடு நிற்பதைப் பெருந்தலையார் கண்டார். அவர் நெற்றி சுருங்கியது.

"இவர்கள் என்ன செய்கிறார்கள்?"

"நிற்கிறார்கள், தலைவரே" என்றார் ஆலவட்டனார்.

"பிடிச்சிக்கிட்டு நிக்கிறோம்" என்றார் மாடக்கண்ணு.

"பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு வேலையா?"

"நீங்க நாற்காலியப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கல? அந்த மாதிரி வச்சிக்குங்களேன்."

ஆலவட்டனாருக்குப் பலமாக இருமல் வந்தது. இருமல் நின்றபோது முதல் ஆணை பிறந்திருந்தது.

மறுநாள் மேடை போட்டு ஆலவட்டனார் அதை வாசித்தார். "நமது தொண்டர்களில் சரிபாதியினர் நீரைத் தொடாமல் வீணாய் நிற்பது ஆய்ந்தறியப்பட்டது. இன்று முதல் கயிற்றாள் என்னும் நிலை ஒழிக்கப்படுகிறது. அவர்களும் நீரில் இறங்குவர். கயிறுகளைக் கரை நெடுக நாட்டப்படும் அரசாங்கத் தூண்கள் தாங்கும். ஒரே கையெழுத்தில் நமது தொண்டர் படை இருமடங்காகிறது!"

கைதட்டல் வானைப் பிளந்தது. தட்டியவர்கள் பெரும்பாலும் மேடைக்குக் கூரை வேய்ந்தவர்கள். அந்த வாரமே தூண்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் பெருந்தலையார் சிரித்த முகமாக இருந்தார்.

சடையன் என்ற தறிக்காரனைத்தான் முதலில் தூண் பிடித்தது. அலை அவனை அமுக்கிய நேரத்தில் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் தலை மேலே வந்திருக்கும். தூண் தளர்த்தவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் மூட்டை சுமந்தவர்கள் பார்த்துத் தூக்கிவந்து போட்டார்கள். உயிர் இருந்தது. பேச்சு வர அறுவடைக்காலம் ஆயிற்று. அவனுக்குக் கம்பளி போர்த்த ஆளில்லை, ஏன் வரவில்லை என்று வாசலில் போய்க் கேட்கவும் ஆளில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் தண்ணீரில் இருந்தார்கள்.

அடுத்த ஐப்பசியில் வந்தவர்கள் பாதி. ஆலவட்டனார் ஆராய்ந்தார். ஊக்கக் குறைவே காரணம் என்று கண்டார். இரண்டாம் ஆணைப்படி, இறங்குகிற ஒவ்வொருவருக்கும் தியாகச் செம்மல் என்ற பட்டமும் அதைப் பொன்னூலில் பொறித்த பெரிய தலைப்பாகையும் வழங்கப்பட்டன. தலைப்பாகை இல்லாமல் நீரில் நிற்பது குற்றம். நனைந்த தலைப்பாகை ஒரு பூசணிக்காய் கனம் கனத்தது.

"எப்படிடி இருக்கு பட்டம்?" என்று மாடக்கண்ணு கேட்டார்.

"கழுத்து ஒடியிது. இத்த அவுத்து உடைப்புல போட்டாலாவது அடைபடும்" என்றாள் காத்தாயி.

மூன்றாம் ஆண்டில் வந்தவர்களைக் கூப்பிட்டு ஒரே பந்தியில் உட்காரவைத்துவிடலாம். இந்த முறை பெருந்தலையாரே காரணத்தைக் கண்டுபிடித்தார். அக்கரைதான் காரணம்! நெல்லேரிக்காரர்கள் இன்னும் பழைய மாதிரி கையில் கயிறு பிடித்துக்கொண்டு, நமது மக்களின் மனத்தைக் கெடுக்கிறார்கள். ஆற்றின் நடுவே மிதக்கும் குடங்களால் எல்லை போடப்பட்டது. அக்கரைக் கயிற்றைத் தொடுவது துரோகம். அக்கரைக் குரலுக்குச் செவிகொடுப்பது துரோகம். அக்கரையில் கால் வைத்தவர் அந்த நொடியிலிருந்து கொற்றவாடியின் குடி அல்லர்.

மாடக்கண்ணுவுக்கு இந்த ஆணை மட்டும் பிடித்திருந்தது. "அரசாங்கம் இப்பத்தான் ஒரு உருப்படியான காரியம் பண்ணிருக்கு" என்றார்.

சன்னாசி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனார்.

நான்காம் ஆண்டு ஆறு யாருடைய ஆணையையும் பார்க்காமல் வந்தது. நாகமடை என்கிற இடத்தில் கரை உடைந்தது. அது அடைபடாவிட்டால் கொற்றவாடியின் பாதி வயலும் நான்கு தெருவும் போகும். குடத்தில் கொட்டை போடுகிற நாளும் நெருங்கியிருந்தது. ஆகவே பெருந்தலையார் தாமே இறங்கித் தொண்டு செய்வதாகவும், அதை அரண்மனை ஓவியர் கரையிலிருந்து வரைவதாகவும் ஏற்பாடு. இருக்கிற தலைப்பாகைகளிலேயே பெரியதைக் கட்டிக்கொண்டு, இருக்கிற தூண்களிலேயே பெரியதில் கயிற்றைப் பிணைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் ஒரு மண்மூட்டையின் மேல் கை வைத்து நின்றார்.

"இன்னும் சற்று உள்ளே, தலைவரே" என்றார் ஓவியர். "முழங்கால் தெரிகிறது."

தலைவர் இன்னும் சற்று உள்ளே போனார்.

காத்தாயி அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உடைப்பின் வாயிலேயே நின்று தழைக்கட்டை மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் கயிறு வேறொரு தூணில். மாடக்கண்ணு மூட்டை சுமக்கிற சாக்கில் அந்தத் தூணருகே நின்று கயிற்றின் மேல் ஒரு கையை வைத்திருந்தார். தூணில் கட்டியது அரசாங்கத்துக்காக. கையை எடுக்காதது தனக்காக.

பெரிய தூண் முதலில் சாய்ந்தது. சாய்ந்ததும் அதன் உள்ளே இருந்தது தெரிந்தது. வெளியே ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு, உள்ளே முழுக்க வைக்கோல். தூண் பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்து அழகாக மிதந்தது. அதில் கட்டியிருந்த பெருந்தலையாரையும் கூட்டிக்கொண்டு நடு ஆற்றை நோக்கிக் கிளம்பியது. அவர் தன்னுடைய சிரித்த முகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினார். ஓவியர் தூரிகையைக் கீழே போட்டுவிட்டார். அரண்மனை ஆட்களில் ஒருவரும் இறங்கவில்லை. தலைவருக்கு முன்னால் நீரில் நீந்துவது மரபா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காத்தாயி யோசிக்கவில்லை. தலைப்பாகையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாய்ந்தாள்.

"காத்தாயி! வேணாம்டி! அவன் போறான் விடு!" என்று கத்தினார் மாடக்கண்ணு. சொன்ன வார்த்தை நாட்டுக்கே கேட்டது. மகளுக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். அவள் போகப் போகக் கயிறு ஓடியது. குடங்களின் எல்லையைத் தாண்டி, வைக்கோல் ஊறி முழுகப்போகிற தூணை எட்டி, இடுப்பு அரிவாளால் அவரைப் பிணைத்திருந்த கயிற்றை அறுத்து, தலைப்பாகை போன பெருந்தலையாரின் குடுமியைப் பிடித்தாள். அங்கே தண்ணீரின் வேகம் வேறு. கயிறு முறுக்கேறி விறைத்தது. மாடக்கண்ணு குதிகாலைச் சேற்றில் ஊன்றி இழுத்தார். இழுக்க இழுக்க மகளின் தலை மேலே வருவதற்குப் பதில் உள்ளே போயிற்று.

அக்கரையில் ஒரு பெரிய உருவம் ஓடிவந்தது. நெல்லேரியின் மூத்த கயிற்றாள் அங்காத்தா. நல்ல உயரம், நல்ல அகலம். அவள் வீசிய சுரைக்குடுக்கை காத்தாயியின் தோளருகே விழுந்தது. காத்தாயி குடுமியை விடாமல் மறு கையை அந்தக் கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

மாடக்கண்ணுவுக்குச் சன்னாசி இழுபட்ட நாள் ஞாபகம் வந்தது. இதே ஆறு. இதே நடு. இந்தப் பக்கம் இடுப்பில் அவர் கயிறு, அந்தப் பக்கம் கையில் அவர்கள் கயிறு.

"இழுக்காதீங்கண்ணா!" என்று அங்காத்தாவின் குரல் தண்ணீர் மேல் வந்தது. "இழுத்தீங்கன்னா புள்ள முழுகிருமுங்க! தளத்தி உட்டுட்டு ஆத்தோட நடங்க! திருப்பத்துல தண்ணி சும்மா நிக்குது, அங்க எடுத்துக்கலாமுங்க!"

"எவடி அவ! எந்தம்பியப் பிச்சது பத்தாதுன்னு..."

"அண்ணே." பக்கத்தில் சன்னாசி நின்றார். தொங்குகிற கை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "விடுண்ணே. நட."

"என்னடா சொல்ற?"

"அன்னிக்கும் அவங்க இதையேதான் கத்துனாங்க. தளத்தி விட்டுட்டு நடங்கன்னு. எனக்குத் தண்ணிக்குள்ள கேட்டிச்சு. கரையில நின்ன ஒனக்குக் கேக்கல."

"இத்தன வருசமா ஏன்டா சொல்லல?"

"நீ எந்த வருசம் அடுத்தவன் பேச்சக் கேட்ட? விடுண்ணே!"

கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது. பிடித்தால் மகள் தன்னோடு. விட்டால் அவள் எவளோ ஒருத்தியோடு, அதுவும் பேர்கூடத் தெரியாத ஒரு நெல்லேரிக்காரியோடு. மாடக்கண்ணு வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். ஒரு சுற்று தளர்த்தினார். காத்தாயியின் தலை மேலே வந்து மூச்சு வாங்கியது. இன்னொரு சுற்று. பிறகு ஆற்றின் போக்கில் நடந்தார். அக்கரையில் அங்காத்தாவும் நடந்தாள். அவர் ஓடினால் அவளும் ஓடினாள், அவர் தடுக்கினால் அவள் நின்றாள். இரண்டு கரைக்கும் நடுவே காத்தாயி தூளியில் கிடக்கிற பிள்ளை மாதிரி ஆடிக்கொண்டே போனாள். திருப்பம் வந்தது. தண்ணீர் சோம்பியது.

"இப்ப முச்சூடும் உட்டுருங்கண்ணா!"

மாடக்கண்ணு கையைத் திறந்தார். கயிற்றின் முனை பாம்பு மாதிரி நெளிந்து தண்ணீரில் போயிற்று. அங்காத்தா இரண்டே இழுப்பில் இரண்டு பேரையும் கரையில் போட்டாள். கம்பளி போர்த்தினாள். அவள் திட்டுகிறது இந்தப் பக்கம்வரை கேட்டது. வசவிலும் ஒரு 'ங்க' இருந்தது. மாடக்கண்ணு சேற்றில் உட்கார்ந்து அழுதார். அக்கரையில் நெல்லேரிக்காரர்கள் அல்லாமல் வேறு யாராவது இருந்திருந்தால் அவருக்கு இன்னும் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

பெருந்தலையார் குடித்த தண்ணீரை எல்லாம் கக்கிவிட்டு எழுந்து நின்றார். "ஆலவட்டம்! படகு அனுப்பு!"

ஆலவட்டனார் இந்தக் கரையில் ஒரு மேட்டில் ஏறினார். ஓலையை விரித்தார். "அக்கரையில் கால் வைத்தவர் அந்த நொடியிலிருந்து நமது குடி அல்லர். இது நமது மாண்புமிகு முன்னாள் தலைவர் தமது திருக்கரத்தால் ஒப்பமிட்ட சட்டம். சட்டத்தின் முன் அனைவரும் சமம்."

"டேய் ஆலவட்டம்!"

"அக்கரைக் குரலுக்குச் செவிகொடுப்பதும் துரோகம்" என்று ஆலவட்டனார் வருத்தத்தோடு காதைப் பொத்திக்கொண்டார். மாலைக்குள் அவர் பெருந்தலையாராகிவிட்டார். மிச்சம் இருந்த தூண்களில் முகம் மாற்றுகிற வேலை உடனே தொடங்கியது. நாகமடையை யாரும் அடைக்கவில்லை. பாதி வயலும் நான்கு தெருவும் போயின.

அதே சட்டம் காத்தாயிக்கும்தான். அவளும் இனிக் கொற்றவாடிக்காரி அல்ல. மாடக்கண்ணு ஆலவட்டனாரின் வாசலில் போய் நின்றார். பயனில்லை. அக்கரையில் மகள் துணி உலர்த்துவதை இக்கரையிலிருந்து பார்த்தபடி கார்த்திகையும் மார்கழியும் கழிந்தன. கையில் பிடிக்க ஒன்றுமில்லாமல் அவர் கை தானாக மூடித் திறந்தது.

தை பிறந்ததும் ஆறு வடிந்தது. நடு ஆற்றில் ஒரு மணல்திட்டு மேலே வந்தது. எல்லைக்குடங்களை வெள்ளம் கொண்டுபோயிருந்ததால், அந்தத் திட்டு யாருடையது என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. சன்னாசி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். கொற்றவாடிக் கயிற்றாள்கள், அதாவது ஒழிக்கப்பட்டவர்கள், முழங்கால் தண்ணீரில் பின்னாலேயே நடந்தார்கள்.

திட்டில் காத்தாயி நின்றாள். சற்றுச் சதை போட்டிருந்தாள்.

"சோறு போட்டாங்களா?"

"போட்டுக்கிட்டே இருக்காங்கப்பா. வேணாம்னா கேக்க மாட்டேங்கறாங்க."

பக்கத்தில் அங்காத்தா. மாடக்கண்ணு அவளை ஏற இறங்கப் பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்க்க முடியாத ஒன்றை எப்படிச் சோதிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "நீதான் அன்னிக்கு விடுன்னு கத்துனியா?"

"நானுந்தானுங்க. முன்னாடி இவிய இழுபட்டு வந்தப்பக் கத்துனது எங்கப்பனுங்க." அவள் சன்னாசியின் கையைப் பார்த்தாள். "கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாருங்க, அந்தப் பையன் கை என்னாச்சோன்னு."

மாடக்கண்ணு ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு அவர் இருமிக்கொண்டே, "அந்த நடக்குற வித்தையக் கொஞ்சம் காட்டு. எங்காளுங்களுக்குத் தெரியாது" என்றார்.

"நீங்க கரையோரத்துல இழுக்கறதக் காட்டுங்க. எங்க ஆளுக அங்கதான் கோட்ட உடறாங்க."

சேதி ஆற்றோடு கீழே போயிற்று. அடுத்த தையில் மற்ற மூன்று நாட்டுக் கயிற்றாள்களும் பரிசல் கட்டிக்கொண்டு திட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் அவரவர் நாட்டில் ஏதோ ஒரு தூண் இருந்தது, ஏதோ ஒரு தலைப்பாகை இருந்தது. கடலோரத்தார் ஒரு கயிற்றுக்கு மூன்று பேராக உட்கார்ந்து பிடிப்பார்களாம். மூங்கில்காட்டார் பிடித்திருக்கிற நேரம் முழுக்கப் பாடுவார்களாம், தண்ணீருக்குள் இருப்பவனுக்குத் தன் ஆள் தூங்கவில்லை என்று தெரிய. ஒருவர் முறையை ஒருவர் பரிகசித்தார்கள். பிறகு செய்து பார்த்தார்கள். நடு ஆற்றில் விட்டு நடப்பது, கரையோரத்தில் இழுப்பது, யார் உதடு நீலமானாலும் எந்தக் கரைக்காரர் பார்த்தாலும் கத்துவது என்று பேசி முடித்தார்கள். இந்தக் கூட்டத்துக்கு யார் தலைவர் என்ற பேச்சு எழுந்தது. அந்த நேரம் பார்த்துச் சோறு வந்தது. பேச்சு போயிற்று.

சோறு பரிமாறியவர்களில் பழைய பெருந்தலையாரும் இருந்தார். நெல்லேரியில் அவருக்குக் கிடைத்த வேலை அதுதான். மத்தியானம் அங்காத்தா அவர் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்தாள்.

"இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும்?"

"புடிச்சுட்டு நில்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். எதிரே மாடக்கண்ணு நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டார். பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த ஆண்டு ஐப்பசியில், ஆறு வடிந்த பிறகு மண் கொட்டி மூடியிருந்த நாகமடை மறுபடி வாய் பிளந்தது. ஆனால் இந்த முறை ஊருக்குள் ஒரு பேச்சு பரவியிருந்தது: தூண் இல்லை, கைதான், இக்கரையில் விட்டால் அக்கரையில் எடுப்பார்கள். எண்ணெய் விற்கிறவள் வந்தாள். தறிக்காரன் சடையன்கூட வந்தான். இரண்டு கரையிலும் கயிறுகள் நீண்டன. யார் கயிறு யார் இடுப்பில் என்று பிரிக்க முடியாதபடி ஆறு முழுக்க ஆட்கள். காத்தாயி அக்கரையில் இறங்கி, மத்தியானம் வரை தழைக்கட்டு மிதித்து, அப்பன் கையால் இக்கரையில் ஏறினாள்.

காவல் அதிகாரி ஓடிவந்தார். "நில்! நீ எந்தக் கரையில் இறங்கினாய்?"

"தண்ணியில எறங்கினேங்கய்யா" என்றாள் காத்தாயி. அவளுக்கும் அக்கரை 'ங்க' ஒட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி மற்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் ஒரே மாதிரி நனைந்திருந்தார்கள். அவருடைய மைத்துனனும் அதில் இருந்தான். அவர் வேறு பக்கம் குற்றம் நடக்கிறதா என்று பார்க்கப் போனார்.

சாயங்காலம், உடைப்பு அடைபட்ட பிறகு, ஆலவட்டனார் எழுந்தருளினார். வெள்ளத்தைச் சொல்லி அவர் தள்ளிப்போட்டிருந்த குடம் வைக்கிற நாள் வந்துகொண்டிருந்தது. ஓவியர் தயாராக இருந்தார். ஆலவட்டனார் தூண்களை ஒருமுறை தட்டிப் பார்த்தார். உள்ளே என்ன என்பது அவருக்குத் தெரியும், கட்டச் சொன்னதே அவர்தான். மாடக்கண்ணுவை அருகே அழைத்தார்.

"எனது கயிற்றை நீ பிடி."

"பிடிக்கிறேன். ஆனா நடு ஆத்துக்குப் போயிட்டா நான் விட்டுருவேன். அக்கரைக்காரங்க எடுத்துக்குவாங்க. இப்ப அதுதான் முறை."

"அக்கரையில் எனக்கு நேர் எதிரே நிற்பவர் யார்?"

மாடக்கண்ணு கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். அந்தி வெளிச்சத்தில் ஒருவர் இடுப்பில் துண்டு கட்டிக் கயிற்றோடு நின்றார். குடுமி காற்றில் பறந்தது.

"ஒங்க பழைய தலைவரு. நல்லாத்தான் பிடிக்கிறாரு."

ஆலவட்டனார் ஒரு காலைத் தண்ணீரில் வைத்திருந்தார். "அவரை நம்பலாமா?"

மாடக்கண்ணு கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"எனக்கும் இது லேசுல வரலைங்கய்யா" என்றார். "எறங்குங்க, பாப்போம்."

ஆலவட்டனார் அக்கரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு காலை எடுத்து, துடைத்து, செருப்புக்குள் வைத்துக்கொண்டார். ஓவியர் வெறும் ஆற்றை வரைந்துவிட்டுப் போனார்.

அந்த ஆண்டு தலைவர்கள் யாரும் நீரில் இறங்கவில்லை. கரையும் அதற்குப் பிறகு உடையவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது தெரியாது. உண்டு என்று மஞ்சளி ஆற்றங்கரையில் ஐந்து நாட்டு ஜனங்களும் சொல்லிக்கொள்கிறார்கள்.